நூறு குறைக்கும் தீர்மானம்

அண்ணி போன் பண்ணியபோது நான் சட்டமன்ற அவையின் சுருக்கெழுத்தர் அறையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். எடுத்த எடுப்பிலேயே கத்தினார்.

“உங்க உறுப்பினர் கிழிச்ச கிழிய பாத்தியா? ஆஸ்பத்திரிக்குக் காசு கேளுன்னு மனு குடுத்தா, இருக்கறதுலயும் ஒரு நூறக் குறைக்கணும்னு தீர்மானம் குடுத்திருக்கானாம். பேப்பர்ல போட்டிருக்கு!”

“அண்ணி, அது வெட்டுத் தீர்மானம். ஒரு துறைக்குப் பணம் ஒதுக்கறப்ப குறை சொல்லணும்னா, ‘இதுல நூறு ரூபா குறைங்க’ன்னு குடுக்கறது வழக்கம். நிஜமா யாரும் குறைக்க மாட்டாங்க. பேசறதுக்கு ஒரு சாக்கு. அப்பதான் அமைச்சர் எந்திரிச்சுப் பதில் சொல்லுவாரு.”

“என்ன எழவோ. இன்னிக்குப் பேசுவாரா?”

நம்பிக்கை வந்ததும் மரியாதையும் வந்துவிட்டது. பேசுவார் என்றேன்.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஊர் மருத்துவமனையில் இருந்த இரண்டு இயந்திரங்களில் ஒன்று பழுதாகி ஒன்பது மாதம் ஆகிறது. இப்போது வாரம் ஒருமுறை கிடைத்தால் பெரிய விஷயம். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. இப்படியே போனால் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அமைச்சர் அவையில் ‘சரிசெய்கிறோம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதிவில் ஏறிவிடும், அதிகாரிகள் ஓடித்தான் ஆகவேண்டும். இருபத்திரண்டு வருடமாக அங்கே பேசுவதை எழுதுகிறவளுக்கு இது தெரியாதா? அண்ணியை மனு எழுத வைத்ததே நான்தான்.

எங்கள் ஊர் உறுப்பினருக்கு எங்கள் அறையில் ‘செருமல்’ என்று பெயர். பேசுமுன் மூன்று தடவை தொண்டையைச் செருமுவார், நாங்கள் பென்சிலை எடுத்துக்கொள்வோம். அன்று அவருக்கு மூன்று மணிக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு மணிக்கு யாரோ யாரையோ கழுதை என்றார். அந்தக் கழுதையைப் பதிவிலிருந்து நீக்குவதா வேண்டாமா என்று மூன்று மணி நேரம் கத்தினார்கள். செருமலும் மேசையைத் தட்டித் தட்டிக் கத்தினார்.

ஐந்து மணி கெடு. அதற்குமேல் விவாதம் கிடையாது, மிச்சமுள்ள துறைகளின் ஒதுக்கீட்டை மொத்தமாக வாக்குக்கு விடவேண்டும் என்பது விதி. நாங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருவராக மாறி மாறி எழுதுவோம். ஐந்து மணிக்கு என் முறை. கடவுளே, வேறு யாருக்காவது வந்து தொலைத்திருக்கக் கூடாதா!

அவைத் தலைவர் மூச்சுவிடாமல் படித்தார். வெட்டுத் தீர்மானங்கள் எல்லாம் ஒன்றாக வாக்குக்கு வந்து ஒன்றாகத் தோற்றன. பதினேழு துறைகளுக்கான ஒதுக்கீடு நிறைவேறியது. சுகாதாரம் பதினொன்றாவது. பதில் சொல்ல வந்திருந்த அமைச்சர் கோப்பைத் திறக்காமலே எழுந்து போனார். மொத்தம் நான்கு நிமிடம். என் கை ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. அந்தக் கையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வராந்தாவில் செருமல் என்னைப் பிடித்தார். “பேச நேரமே குடுக்கல, பாத்தீங்களாம்மா? அநியாயம். எழுதிவெச்சது இருக்கு, தலைவர்கிட்ட அனுமதியும் வாங்கிட்டேன். பேசினதா சேத்துருங்க.”

கழுதைக்கு இருந்த நேரம் இதுக்கு இல்லையா சார் என்று வாய்வரை வந்தது. வேலை போய்விடுமே. “சரிங்க” என்று வாங்கிக்கொண்டேன்.

ஆறு பக்கம். நன்றாகத்தான் எழுதியிருந்தார், பாவி. இரண்டு இயந்திரங்கள், ஒன்பது மாதம், வீங்கிய கால், எல்லாம் அண்ணியின் மனுவில் இருந்தபடியே.

“பேசினாரா?” என்று அண்ணி ராத்திரி போனில் கேட்டார்.

“பதிவுல வந்திருக்கு அண்ணி.”

“அப்ப மெஷின் சரியாயிடும்ல?” என்று அழுதார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை அச்சடித்த பிரதியோடு மருத்துவமனைக்குப் போனேன். பெஞ்சில் அண்ணனோடு ஏழு பேர் காத்திருந்தார்கள். உள்ளே, போர்வை போர்த்திய இயந்திரத்தின் மேல் யாரோ சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்திருந்தார்கள்.

“எல்லாரும் கேக்கற மாதிரி படிங்க,” என்றார் அண்ணி.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மாண்புமிகு தலைவர் அவர்களே...” மூச்சு வாங்க வாங்க ஆறு பக்கத்தையும் படித்தார். அந்தப் பேச்சை ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. முடித்துவிட்டுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அமைச்சர் என்ன சொன்னாரு? அந்தப் பக்கத்தக் காணோமே?”

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணி குனிந்து, தாள் ஏதும் விழுந்துவிட்டதா என்று பெஞ்சுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்.