எண்பத்தெட்டாம் எண் வந்து சேரும் வரை

பதினோரு நாள் நடப்பதாக இருந்த அந்த மாநிலத்தின் விளையாட்டுப் போட்டிகள் பத்தொன்பது வருஷமும் இரண்டு மாதமும் நடந்தன. மாரத்தானில் ஓடிய ஒருவர் இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் காரணம். கடைசி ஆள் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும், அல்லது விலகிவிட்டார் என்று அமைச்சர் கையெழுத்திட வேண்டும், அதுவரை போட்டியை முடிக்கக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் இருந்தது. துவக்கி வைத்தவரே முடித்தும் வைக்க வேண்டும் என்று அதற்கு அடுத்த வரியில் இருந்தது.

துவக்கி வைத்த அமைச்சருக்கு ஊரில் 'சரிங்க' என்று பெயர். மைக்செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஆளுங்கட்சி கூப்பிட்டாலும் சரிங்க, எதிர்க்கட்சி கூப்பிட்டாலும் சரிங்க. ஒரே நாளில் இரண்டு கூட்டமும் வந்தால் இரண்டு தெருவிலும் குழாய் கட்டிவிட்டு நடுச்சந்தியில் நின்று இரண்டு பேச்சையும் சேர்த்துக் கேட்பார். ஒரு தேர்தலில் வேட்பாளர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட, மேடையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் கட்சித் தலைவர், "நீ நிக்கிறியாய்யா?" என்றார். இவர் வழக்கம்போல் "சரிங்க" என்றார். நின்றார், ஜெயித்தார், யாருக்கும் எதற்கும் குறுக்கே நிற்காததால் மளமளவென்று மேலேறி ஒன்பதாவது வருஷம் அமைச்சரும் ஆனார். விளையாட்டுத் துறையை வேறு யாரும் கேட்கவில்லை, அது இவருக்கு வந்தது. இந்தச் சரிங்க மனைவிக்கு மட்டும்தான் ஆகாது. "ஆணி அடிங்கன்னா சரிங்கறீங்க. மூணு வருஷமா அந்தக் காலண்டர் தரையிலதான் கிடக்கு" என்பார்.

போட்டிகள் நன்றாகவே நடந்தன. நீச்சல் குளத்தில் தண்ணீர் இருந்தது, விருந்தினருக்குப் படுக்கை இருந்தது, மழை இருபது நிமிஷம் மட்டும் பெய்து அரங்கத்துப் புல்லை நனைத்துவிட்டுப் போனது. பதினோராம் நாள் காலை ஆறு மணிக்கு மாரத்தான் ஓட இருநூற்றுப் பன்னிரண்டு பேர் புறப்பட்டார்கள். நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள், பதின்மூன்று பேர் கால் வலி, வயிற்று வலி என்று வண்டியில் திரும்பினார்கள். எண்பத்தெட்டாம் எண் மட்டும் வரவில்லை. அவர் இருபத்தேழு வயதான பஸ் கண்டக்டர். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவருடைய கணவர், நான்கு வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சாயங்காலம் வரை வாசல் கேட்டருகே நின்றார். போலீஸ் தேடியது, தொண்டர்கள் தேடினார்கள், கிணறு குட்டை எல்லாம் பார்த்தாயிற்று. மறுநாள் காலை வடக்குப் புறநகரில் பால் வண்டிக்காரர் ஒருவர் அவரைப் பார்த்தார். நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாராம். "இன்னும் எவ்ளோ தூரம்ணே?" என்று கேட்டாராம். கொஞ்சம்தான் இருக்கும் என்று இவரும் ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தாராம். அடுத்த வாரம் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு லாரிக்காரர் பார்த்தார். ஏறிக்கொள்ளச் சொன்னதற்கு, "ஏறினா அவுட் பண்ணிடுவாங்கண்ணே" என்று கையசைத்துவிட்டுப் போனாராம்.

மூன்றாம் வாரம் முதல்வர் தொலைபேசியில் வந்தார். விலகிவிட்டார் என்று ஒரு கையெழுத்தைப் போட்டு ஜோலியை முடிக்கச் சொன்னார். அமைச்சர் பேனாவைத் திறந்தார். அன்று காலைதான் அந்தச் சின்னப் பெண் கேட்டருகே அவருடைய வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அம்மா வர்றதுக்குள்ள கேட்டைச் சாத்திடுவீங்களா?" என்று கேட்டிருந்தாள். அவளிடம் 'சாத்த மாட்டேம்மா' என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். சரிங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்த வார்த்தை வேறு.

"முடியாதுங்க."

"யாரு பேசறது?" என்று கேட்டார் முதல்வர்.

அதற்குப் பிறகு அமைச்சருக்குக் காரும் பங்களாவும் போயின, அடுத்த தேர்தலில் தொகுதியும் போயிற்று, டெபாசிட்டும் போயிற்று. போட்டிப் பொறுப்பை மட்டும் விதிப்புத்தகத்தின் அந்த இரண்டு வரியால் யாராலும் பிடுங்க முடியவில்லை. பார்வையாளர் மாடத்துக்குக் கீழே, ஈட்டிகளும் தடை மரங்களும் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, மனைவியோடு அங்கே குடியேறினார். போன அன்றே சுவரில் நான்கு ஆணி அடித்தார். மனைவி ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றார். அமைச்சரைக் கட்டிக்கொண்டு பட்டதை விட இந்த மனுஷனோடு சுகமாகத்தான் இருக்கிறது என்று தங்கையிடமும் சொன்னார்.

ஆட்சி நான்கு முறை மாறியது. ஒவ்வொரு புது முதல்வரும் கூப்பிட்டு அனுப்பினார், ஒவ்வொருவரிடமும் அதே பதிலைச் சொல்லிவிட்டு வந்தார். போட்டி நடந்துகொண்டிருக்கும்போது அரங்கத்தைப் பூட்டக் கூடாது என்பதால் பத்தொன்பது வருஷமும் அது திறந்தே கிடந்தது. அந்த ஊரில் நீந்தத் தெரியாத பிள்ளையே இல்லாமல் போயிற்று. தபால்காரர்கள் தடை தாண்டப் பழகினார்கள், அறுபது தாண்டிய பெண்கள் குண்டு எறிந்தார்கள். காவல்துறை வாத்தியக் குழுவிடம் யாரும் நிறுத்தச் சொல்லாததால் அது சனிக்கிழமை தவறாமல் வந்து வாசித்தது. மாநிலம் முழுக்கத் தெருவைப் பார்த்த மதில் சுவர்களில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பது பழக்கமாயிற்று, எண்பத்தெட்டாம் எண் அந்தப் பக்கம் வந்தாலும் வரலாம் என்று. சில நாள் காலையில் டம்ளர் காலியாக, கழுவிக் கவிழ்த்து வைத்தபடி இருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் அன்று முழுவதும் தலைகால் புரியாமல் திரிவார்கள்.

மகள் கேட்டருகேதான் வளர்ந்தாள். ஓடுதளத்தில் சைக்கிள் பழகினாள், அமைச்சரிடம் வீட்டுக்கணக்குப் போட்டாள், படித்து முடித்து மின்வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் காலையில் ஒரு மணி நேரம் வந்து நின்றுவிட்டுத்தான் போவாள். அச்சகக்காரர் ஞாயிறுதோறும் தலைக்கு மை அடித்துக்கொண்டார். கேலி செய்தவர்களிடம், "வந்து பாத்தா அடையாளம் தெரிய வேணாமா?" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு எண்பத்தெட்டாம் எண் வந்தார். பின்னால் எண்ணூறு பேர், பாதி வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள். அமைச்சர் சவரம் செய்துகொண்டிருந்தார், ஒரு கன்னத்தில் நுரையோடு ஓடுதளத்துக்கு ஓடினார். பக்கத்தில் யாரும் போய்த் தொட்டுவிடாதீர்கள், தொட்டால் அவுட் என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினார். கூட்டம் கேட்டோடு நின்றுவிட்டது. கண்டக்டர் நொண்டிக்கொண்டே கடைசிச் சுற்றை ஓடி முடித்துக் கோட்டுக்கு அப்பால் உட்கார்ந்தார். இருபத்தேழு வயதுதான் இருக்கும். அவருடைய கைக்கடிகாரத்தில் மூன்று மணி நாற்பத்தொரு நிமிஷம் ஆகியிருந்தது.

நேரம் குறிப்பவர் தம் கையிலிருந்த கடிகாரத்தையும் அவருடைய கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயா, எதை எழுதட்டும்?"

"ஓடினது அவங்க. அவங்க வாட்ச்சுல இருக்கறதை எழுதுங்க."

அந்தக் கணக்கில் அவருக்கு அறுபத்திரண்டாவது இடம். அதுவரை அறுபத்திரண்டாவதாக இருந்தவர் இப்போது ஒரு வங்கியில் மேலாளர். ஓர் இடம் இறங்கியதில் தமக்கு வருத்தம் இல்லை, வந்து சேர்ந்ததில் சந்தோஷம் என்று பிறகு கடிதம் எழுதினார். கண்டக்டருக்குத்தான் வருத்தம். "கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. இல்லைன்னா இன்னும் சீக்கிரம் வந்திருப்பேன்" என்று காலை நீவிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து நாலாபுறமும் தேடினார். "எம்பொண்ணு எங்க? கேட் பக்கத்துலயே நில்லுன்னு சொல்லியிருந்தேனே."

"நின்னுக்கிட்டுதாம்மா இருக்கேன்" என்றாள் மின்வாரியச் சட்டையில் நின்றிருந்தவள்.

கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்தில் இழுத்து, அவிழ்ந்திருந்த பின்னலைப் பிரித்து மறுபடியும் பின்னத் தொடங்கினார். அச்சகக்காரர் வேர்த்ததில் மை நெற்றியில் வழிய நின்றுகொண்டிருந்தார். "உங்களுக்கு என்ன, தலை எல்லாம் கறுப்பா ஒழுகுது?" என்றார் கண்டக்டர். மனுஷன் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அமைச்சர் கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்துவிட்டு மைக்கின் முன் போய், போட்டிகள் இனிதே முடிந்தன என்றார். கூட்டம் கைதட்டியதில் மாடத்துப் புறாக்கள் பறந்து போய் மூன்று நாள் கழித்துத்தான் திரும்பின.

அடுத்த வாரம் கண்டக்டர் புதுச் செருப்பு வாங்கப் போனார். மகளும் போனாள். பத்தொன்பது வருஷமாகக் கடைத்தெருப் பக்கமே போகாத அமைச்சரையும் கூட்டிக்கொண்டார்கள். கடைக்காரர் இரண்டு பெண்களையும் பார்த்து, அக்கா தங்கச்சியா என்று கேட்டார்.

"அம்மாவும் பொண்ணும். இவங்க ஓட்டத்துல இருந்தாங்க" என்றார் அமைச்சர்.

"அப்படிங்களா" என்று கடைக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டுக் கண்டக்டரின் பாதத்தை அளந்தார். நிறைய ஓடின கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஒரு சைஸ் பெரிசாக எடுத்துக்கொள்வது நல்லது என்றார்.