மங்கிய பளிங்கு

கடலினின்று எழுந்த இளங்கதிரவன் அயல்நாட்டு மாநகரின் கூரைகள்மேல் ஒளி படரவிட்டு, தெருக்களின் நிழலைப் பாய்போற் சுருட்டி, மேட்டின்மேல் எண்ணூறு ஆண்டுகளாய் நிற்கும் இறைமனையின் வெண்குவிமாடத்தைத் தீண்டிய வேளையில், அதன் அகன்ற படிகள் அப்போது கறந்த பாலின் நுரையென ஒளிர்ந்தன. அக்காளோடும் அவள் கணவரோடும் தமிழறிந்த வழிகாட்டி ஒருவரோடும் அப்படிகளில் ஏறினாள், கற்களின் இயல்பை ஆராயும் கல்வியில் பட்டம் பெற்ற இளையவள். பேருந்தின் குலுக்கலில் குமட்டாதிருக்க முகர்ந்துவந்த எலுமிச்சைத் துண்டு அவள் கையில் இருந்தது. நால்வர் கூடினால் நாவெழாத கூச்சமும் உடன்வந்தது.

“என்ன கல் டாக்டரம்மா, இது பளிங்கா, வெறும் வெள்ளைக் கல்லா? மூணு வருசம் படிச்சியே, சொல்லு பாப்போம்” என்று சீண்டினார் அத்தான்.

வாயால் விடையிறுக்க நாணியவள், முன்மண்டபத் தூணடியின் மெருகேறிய தரையில் ஒரு துளி சாறு பிழிந்தாள். ஆய்வகத்தில் உடைகற்களின்மேல் அமிலம் சொட்டிப் பழகிய விரல்களுக்கு, இது மாந்தர் நெற்றி பதித்துத் தொழும் கல்லென்பது தோன்றவில்லை. நுண்குமிழிகள் அரும்பின.

“பளிங்குதான் அத்தான்.”

துடைத்தபின், நோயுற்ற விழியிற் படர்ந்த படலம்போல் ஒரு மங்கல் வட்டம் எஞ்சியது. அதைக் கண்டும் காணாதவள்போல் நகர்ந்தாள்.

உள்ளே சுற்றி மீள்கையில், அத்தூணடியில் காப்பாளர் ஒரு பெண்ணிடம் சினந்து நின்றார்.

“தரை துடைக்கிற அம்மாங்க. புளிச்ச தண்ணி ஊத்திக் கல்லைக் கெடுத்துட்டாங்களாம். நாளையிலேருந்து வேலைக்கு வரவேணாங்கறாரு” என்றார் வழிகாட்டி.

அக்காள் இளையவளின் முழங்கையைப் பற்றினாள். “வாயைத் திறக்காதடி. தெரியாத ஊர்ல நமக்கெதுக்கு வம்பு?”

அக்காளின் பிடியில் அவளும் நகர்ந்தாள். வாயில்வரை நடந்தும்விட்டாள். ஆங்கே திரும்பி நோக்கியபோது, அப்பெண் மண்டியிட்டு, கறை போனால் பிழைப்பு மீளுமென்பதுபோல் தன் ஆடைநுனியால் அவ்வட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தேய்த்தாலும் துணிக்கு அது போகாது என்பதை அங்கிருந்தோருள் அறிந்தவள் இவள் ஒருத்தியே. அக்காளின் கையை விலக்கித் திரும்பி நடந்தாள்.

“நான்தாங்க செஞ்சேன்” என்று வழிகாட்டியிடம் எலுமிச்சையைக் காட்டினாள். “அவர்கிட்ட சொல்லுங்க.”

அவர் சொன்னார். காப்பாளரின் சினம் வெயில்கண்ட பனியாய் மறைந்தது, புன்முறுவலோடு தலைதாழ்த்தினார்.

“விருந்தாளி, தெரியாம செஞ்சிருப்பீங்க, பரவாயில்லைங்கறாரு. அந்தம்மாவும் வேலையில இருக்கலாமாம்.”

“தெரியாம இல்லீங்க. எலுமிச்சை பளிங்கை அரிக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும்.”

அதை வழிகாட்டி மொழிபெயர்க்கவில்லை.

துடைப்பவள் எழுந்தாள், மொழியறியா இளையவளின் இரு கைகளையும் பற்றி, நன்றியோடு தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். ஒருத்தியின் பிழைப்பையே பறிக்கவிருந்த பிழை, மற்றொருத்திக்கு ஒரு புன்முறுவலில் கரைந்தது. அதன்மேல் நன்றியும் வந்து சேர்ந்தது. ஏச்சைத் தாங்க ஆயத்தமாய் வந்த நெஞ்சம், உரிமையில்லா அந்நன்றியைத் தாங்கமாட்டாது, பற்றிய கைகளுக்குள் குன்றிக் குறுகி நின்றது.