உச்சியைத் தாண்டிய இறக்கை

...அதோ அச்சு உருளைக்கு அடியிலிருந்து தாள் வருகிறது, மெதுவாக ஹெஸ்டர், அவசரப்பட்டால் கிழியும், இத்தனை வருடம் மை பூசிய கைக்கு இன்று என்ன பரபரப்பு, நீ என்ன பதினாறு வயதுப் பெண்ணா, நாற்பதைத் தொடப்போகிற விதவை... வியாழக்கிழமை கல்யாணம், காற்றாலைக்கார வைப்ராண்டோடு, நினைத்தாலே சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. விருந்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், அதில் அவனுடைய ஆலை, முக்கால்வாசி மேகம், இருக்கட்டுமே, மலையோ மேடோ இல்லாத இந்த ஹார்லெமில் வானத்தை விட்டால் வரைய வேறென்ன இருக்கிறது? கல்யாணம் ஆனதும் பட்டறைச் சாவியை அச்சுக்காரர் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும், விதவை என்பதால்தான் செத்துப்போன புருஷன் பாரென்டின் அச்சை அவள் நடத்த விட்டார்கள், வேறு தொழில்காரனைக் கட்டினால் அந்த உரிமை போச்சு... போகட்டும், மை படாத கையோடு ஒரு நாளாவது சாப்பிடலாம். தாளைத் தூக்கினாள். செப்புத் தகட்டில் இடம் வலம் மாற்றிக் கீறினால்தான் தாளில் நேராக விழும், அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, தேவாலயக் கோபுரம் சரி, ஓடை சரி, பசுவின் ஒற்றைக் கறுப்புக் காதுகூடச் சரியான பக்கத்தில்... ஆலையின் இறக்கை?

இறக்கையை மட்டும் மாற்றாமல் கண்ணால் பார்த்தபடியே கீறியிருக்கிறாள். கல்யாணத்துக்கு நிறுத்தும் ஆலையில் இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிற்கும், சாவுக்கு நிறுத்தினால்தான் உச்சியைத் தாண்டிச் சாய்ந்து நிற்கும், இது இங்கே குழந்தைக்கும் தெரியும். தாளில் அது பக்கம் மாறி உச்சியைத் தாண்டி நிற்கிறது. அட பைத்தியக்காரி, சுரண்டித் தேய்த்து மறுபடி கீறிவிடலாம், ஒரு பகல் வேலை, வைப்ராண்ட் பார்ப்பதற்குள்... மாடிப்படியில் அவன் காலடி. எப்போதும்போல மாவு படிந்த சட்டையோடு வந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான், சிரித்த முகம் அப்படியே நின்றது.

"பாரென்டுக்காகவா நிறுத்தியிருக்க?" என்றான், கோபமில்லாமல்தான்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம், அவனே வழிகாட்டிவிட்டான், செத்த புருஷனை நினைத்து ஏங்கினால் யார் குறை சொல்லப்போகிறார்கள், ஆனால் இந்தத் தகட்டைக் கீறிய நாளெல்லாம் பாரென்ட் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லையே, உற்சாகத்தில் பாட்டல்லவா பாடிக்கொண்டிருந்தாள்... பின்னே யாருக்காக? வியாழனுக்குப் பின் அவளுடையதாக இருக்கப்போகாத அச்சின் கைப்பிடியை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல, அவருக்கு இல்ல," என்றாள்.