ஆலமரத்துப் பங்காளிகள்

எழுபத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கூரம் கிராமத்துத் துரைக்கண்ணுவின் கிணற்று மோட்டார் புகைந்து நின்றது. வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. சொர்ணவாரிப் பட்டத்து நெல், கதிர் வருமுன் பொதி கட்டுகிற நேரம். இன்னும் ஒரு மாதம் தண்ணீர் பாய்ந்தால் சோறு, இல்லாவிட்டால் வெறும் வைக்கோல். பக்கத்துக் கிணற்றுக் கலியன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் கொடுத்துப் பயிரின் உயிரைப் பிடித்து வைத்தான். அவன் கிணறும் தரை தெரிகிற கிணறுதான்.

மோட்டாரை விற்றது வஜ்ரதாரா குரூப். லேசுப்பட்ட ஆட்களா? காஞ்சிபுரத்துக் கடையில் சுவர் முழுக்க ஓர் ஆலமரப் படம். விழுதுக்கு ஒரு கம்பெனி. ரேடியோவுக்கு ஒன்று, மின்விசிறிக்கு ஒன்று, மோட்டாருக்கு, பம்புக்கு, ஸ்விட்சுக்கு, வயருக்கு என்று ஆறு. ஏழாவது விழுது ஃபிரிட்ஜுக்காகக் காத்திருந்தது. அடியில், 'நாங்கள் ஒரே குடும்பம்.' விற்ற அன்று மேனேஜர் முரளீதரன் அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டி, "எது கெட்டாலும் எங்க குடும்பம் பாத்துக்கும்" என்றார்.

கெட்ட பிறகுதான் அந்தக் குடும்பத்தின் லட்சணம் தெரிந்தது. முரளீதரன் கையை விரித்து மெட்ராஸுக்கு அனுப்பினார். அங்கே மோட்டார் கம்பெனிக்காரர் மோட்டாரைப் பார்க்காமலே, பம்பு இறுகித்தான் காயில் எரிந்தது, மேல்மாடியில் பம்பு கம்பெனியைப் பார் என்றார். மேல்மாடிக்காரர் ஸ்விட்சின் மேல் பழியைப் போட்டார். ஸ்விட்ச் கம்பெனி எதிர் அறை. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மறுபடி மோட்டாரைக் கைகாட்டினார். உள்ளூரில் காயில் கட்டிக்கொள்ளலாம் என்றால், சீலை உடைத்தால் கியாரண்டி போய்விடுமாம். மூன்று பேருக்கும் ஒரே ஆள்தான் டீ கொண்டுவந்து வைத்தான். பிழைக்கத் தெரிந்த கூட்டம்! லாபத்துக்கு ஒரே மரம், நஷ்டத்துக்குத் தனித்தனித் தோப்பு. மூன்று முறை போய் வந்ததில் துரைக்கண்ணுவுக்குச் செருப்புதான் தேய்ந்தது.

அவன் பெண்டாட்டி செல்லியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே கத்தினாள்.

"நம்ம பங்காளிங்க பாகம் பிரிச்சிக்கினு மொகத்தைக்கூடப் பாக்காம திரியறானுங்க. ஒரு சாவுன்னா அவனுங்களுக்கே பதினாறு நாளு தீட்டு இருக்குதுயா! இவனுங்களுக்கு அதுகூடக் கெடையாதா?"

துரைக்கண்ணு வாயில் வைத்த கவளத்தை மெல்லவும் மறந்து அவளையே பார்த்தான்.

மோட்டார் நின்ற மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை, காஞ்சிபுரத்தில் ஃபிரிட்ஜ் கம்பெனியின் கடைத் திறப்பு; அங்கேயும் சுவரில் அதே ஆலமரம். மெட்ராஸிலிருந்து மோட்டார், பம்பு, ஸ்விட்ச் மூவரும் வந்து பட்டுச் சால்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஊர்ப் பட்டு ஜவுளிக்காரர்கள் முதல் போணிக்காகக் காத்திருந்தார்கள். பூஜைக்குச் சின்ன காஞ்சிபுரத்துப் புரோகிதர் யதிராஜன் கும்பம் வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வைக்கோல் மேல் மோட்டார், அதன் மேல் கோடித் துணி, ரோஜா மாலை. கலியன் கன்னம் உப்ப சாவுச் சங்கை ஊதினான்.

முரளீதரன் ஓடி வந்தார். "என்னய்யா அக்கிரமம் இது?"

"ஒங்க வூட்டுல சாவு சார்," என்றான் வண்டியிலிருந்து இறங்கிய துரைக்கண்ணு. " பதினேழு நாளா எடுக்க நாதியில்லாம கெடந்துது. பங்காளிங்களுக்குச் சேதி சொல்ல வந்தேன்."

"அது மோட்டார் கம்பெனி. இது ஃபிரிட்ஜ் கம்பெனி. வேற வேற!"

"வேறன்னா செவுத்துல இருக்கிற மரத்தை எறக்குங்க. ஒண்ணுன்னா தீட்டு. தீட்டு வூட்டுல கும்பம் வெக்கலாமான்னு சாமியையே கேளுங்க."

எல்லோரும் யதிராஜனைப் பார்த்தார்கள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பஞ்சபாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"இரும்புக்குத் தீட்டு எந்த சாஸ்திரத்திலயும் இல்லை. ஆனா ஒரே குடும்பம்னு எழுதினது நானில்லையே."

அவ்வளவுதான். நல்ல வேளையில் சாவுச் சங்கு கேட்ட பிறகு எந்த ஜவுளிக்காரர் போணி செய்வார்? ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். நல்ல நேரம் முடிய இருபது நிமிஷம்தான் இருந்தது. முரளீதரன் மூன்று சால்வைகளோடும் காதில் பேசினார். கியாரண்டி, சீல், பம்பு எல்லாம் மூன்றே நிமிஷத்தில் தீர்ந்தது. "கிடங்கிலிருந்து புது மோட்டாரை எடுத்துட்டுப் போ. முதல்ல இந்தக் கருமத்தை இறக்கு!"

சுமை தூக்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "சங்கு ஊதியாச்சு சார். நாங்க தொட மாட்டோம். பங்காளிங்கதான் தூக்கணும்."

ஜவுளிக்காரர்கள் பாதிப்பேர் தெருவில் இறங்கிவிட்டார்கள். வேறு வழியில்லை. மோட்டார் கம்பெனிக்காரர் தலைமாட்டைப் பிடித்தார், பம்பும் ஸ்விட்சும் ஆளுக்கொரு பக்கம், முரளீதரன் கால்மாடு. பதினேழு நாளாக ஒரு விஷயத்துக்கு ஒன்றுசேராத நாலு பேர், சால்வையில் கிரீஸ் வழிய, மாலை போட்ட மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு காந்தி ரோட்டைக் கடந்து எதிர்ப்புறக் கிடங்குக்குப் போனார்கள். தெருவே பார்த்துச் சிரித்தது.

திரும்பி வந்த முரளீதரன் மூச்சு வாங்கினார். "இப்ப திருப்தியா?"

துரைக்கண்ணு புது மோட்டாரைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"மேட்டுப் பக்கம் அரைக் காணி பயிரு கருகிப்போச்சு சார். அந்தத் தீட்டு எங்கூட்டுக்கு மட்டுந்தான். நீங்க போயி கடையைத் தொறங்க."