பதினான்கு ஜோடிச் செருப்பு

ஆட்களை எண்ணுவதில் ரெனிட்டாவுக்கு நம்பிக்கை கிடையாது. ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். தண்ணீர் குடிக்க எழுந்து போனவள் வரிசையின் மறுகோடியில் வந்து உட்கார்ந்தால் ஒருத்தி இரண்டு பேராகிவிடுவாள். அதனால் ரெனிட்டா வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவாள். எண்ணி முடிக்கும்வரை செருப்பு இடம் மாறாது.

சோழபுரத்தைத் தாண்டி ஒரே சாலையில் மூன்று கொட்டகைகள் இருந்தன. முதல் கொட்டகையில் தேங்காய் நார்க்கழிவைக் காயவைத்துக் கட்டியாக அழுத்தினார்கள். இரண்டாவதில் பாக்குமட்டைத் தட்டு. மூன்றாவது இந்த வருஷம் திறந்தது, வாழைநார்ப் பை. மூன்று இடத்திலும் செருப்பை வெளியேதான் விட வேண்டும். நார்க்கழிவில் மண் கலந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும். தட்டு, சோறு வைக்கிற பொருள். வாழைநாரைத் தரையில் விரித்துத்தான் பின்னுவார்கள்.

செடிகொடிகளிலிருந்து கிடைக்கும் பொருளை வைத்து நடக்கிற தொழில்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது, போன வருஷத்தைவிட அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கணக்கெடுக்க, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடியறையில் இயங்கிய ஆய்வு நிறுவனம் அவளை மூன்று மாதத்துக்கு எடுத்திருந்தது. பகலில் அந்த வேலை. சாயங்காலம் ராஜபாளையத்தில் புள்ளியியல் வகுப்பு.

திங்கட்கிழமை நார்க்கழிவுக் கொட்டகைக்குப் போனாள். மேஸ்திரி ராம்கி, அவள் பையைக் கீழே வைப்பதற்குள், "பதினாலு பேரு மேடம்" என்றான். கேட்பதற்கு முன்னால் வருகிற பதில் அவளுக்கு உறுத்தும். வெளியே வந்து செருப்பை எண்ணினாள். பதினான்கு ஜோடி. அதில் ஒரு ஜோடியில் இடது செருப்பின் வார் நீலம், வலது பச்சை. பச்சை வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தட்டுக் கொட்டகையிலும் பதினான்கு ஜோடி. அதே நீலம், அதே பச்சை, அதே ஊக்கு.

முதலில் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். ஊக்கு குத்தாத செருப்பு எந்த ஊரில் இருக்கிறது? நேற்றைய பக்கத்தை இன்றைய பக்கம் என்று நினைத்துப் படிக்கிறோமோ? உள்ளே போய்ப் பார்த்தால் பெண்கள் எல்லாரும் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, முகத்தில் துண்டைக் கட்டியிருந்தார்கள். கண்ணைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அந்தக் கண்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக அவளுக்குப் பட்டது.

புதன்கிழமை வாழைநார்க் கொட்டகை வாசலில், பதினான்கு ஜோடிக்கு நடுவே, அந்த ஊக்கு வெயிலில் மின்னியது. அவள் உள்ளே போகவே இல்லை. செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்து அதில் காலை நுழைத்தாள். அந்தப் பதினான்கு பேருக்கும் தலைவி, வெள்ளத்தாய்.

"இது உங்க செருப்பாக்கா?"

"பாதி என்னது. ஏன் டீச்சரு, வேணுமா?"

"திங்கக்கிழமை இதை நார்க்கழிவுக் கொட்டகையில பார்த்தேன். நேத்து தட்டுக் கொட்டகையில."

"நாளைக்கி வந்தா திரும்ப நார்க்கழிவுல பாக்கலாம். ஒரு கொட்டகைக்கு வாரத்துல ரெண்டு நாளு."

"நான் வாரேன்னு தெரிஞ்சு உங்களை மாத்தி மாத்திக் கொண்டுவாராங்களா?"

வெள்ளத்தாய் உள்ளே திரும்பிக் கூவினாள். "ஏட்டி மகாலட்சுமி, இங்க வா! இந்தப் பிள்ளைக்காக நாம கொட்டகை மாறுதோமாம்!" உள்ளிருந்து சிரிப்பு வந்தது. "மொத வருசம் நார்க்கழிவுலயே ஆறு நாளும் வேலை இருந்துச்சு தாயி. பொறவு ஆர்டரு கொறஞ்சது, தட்டு வந்துச்சு. மூணு நாளு அங்க, மூணு நாளு இங்க. இப்ப பையி. ஆளும் அதே ஆளு, நாளும் அதே ஆறு நாளு."

ரெனிட்டா நோட்டின் பின்பக்கத்தைப் புரட்டினாள். நிறுவனத்தின் பழைய கணக்கு அங்கே இருந்தது. முதல் வருஷம் பதினான்கு வேலை. அடுத்த வருஷம் இருபத்தெட்டு. இந்த வருஷம் அவள் எடுத்த கணக்கின்படி நாற்பத்திரண்டு. மூன்று தடவை கூட்டினாள். மூன்று தடவையும் அதேதான் வந்தது. மூன்று மடங்கு வளர்ச்சி என்று அறிக்கையில் வரப்போவது, இந்தப் பதினான்கு பேர் கொட்டகை விட்டுக் கொட்டகை நடந்ததுதான்.

"இதை நான் பதினாலுன்னுதான் எழுதணும்" என்றாள்.

வெள்ளத்தாயின் முகம் சுருங்கியது. "நாப்பதுக்குக் கொறச்சி எழுதிராத. நாப்பது பேரு வேலைக்கு வார எடம்னு உங்க காயிதம் இருந்தா, காலையில தளவாய்புரத்துல இருந்து பஸ்ஸ இந்தப் பக்கம் விடுவாகளாம். பஞ்சாயத்துல சொல்லிருக்காவ."

அப்படியென்றால் இவளுக்கு எண்ணிக்கை முன்பே தெரிந்திருக்கிறது. ரெனிட்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன பாக்க? லோடு ஆட்டோல ஆட்ட அடைச்ச மாதிரிதான் வாரோம். மாசி மாசம் ஆட்டோ கவுந்துச்சு. எனக்கு வலது செருப்பு போச்சு. முனீஸ்வரிக்கு இடுப்பு போச்சு. கம்ப ஊனித்தான் நடக்கா. அவ செருப்பு சும்மாதான கெடக்குன்னு நான் போட்டுக்கிட்டேன்." பச்சை வார்க் காலை நீட்டிக் காட்டினாள்.

சாயங்காலம் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் விக்னேஷ்வரனிடம் ரெனிட்டா விஷயத்தைச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"மூணு யூனிட், மூணு படிவம். எந்தப் படிவத்திலயாவது பொய் இருக்கா?"

"இல்ல சார். கூட்டினாத்தான் பொய்யாகுது."

"போன வருஷம் இருபத்தெட்டு. இப்ப பதினாலுன்னு எழுதினா, மிச்சப் பதினாலு பேரும் எங்க போனாங்கன்னு கேப்பாங்க. நீ போய்த் தேடிக் கூட்டியாருவியா? நாப்பத்திரண்டுன்னு குடு. வேலையும் நீட்டிப்பாங்க."

அன்று வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வேலை ஒரு வேலையா, மூன்றில் ஒரு பங்கு வேலையா? தான்தான் தேவையில்லாமல் துருவுகிறோமோ? ஊக்கு குத்தியிருக்காவிட்டால் நாற்பத்திரண்டு என்று நிம்மதியாக எழுதியிருப்போமே. இன்னும் எத்தனை ஊரில் எத்தனை ஊக்கைக் கவனிக்காமல் விட்டோமோ! யோசனை சுற்றிச் சுற்றிப் பேருந்திலேயே வந்து நின்றது. பேருந்து வந்தால் அதில் நடத்துநர் இருப்பார்.

வியாழன் காலை தளவாய்புரம் விலக்கில் லோடு ஆட்டோ வருவதற்குள் வெள்ளத்தாயைப் பிடித்தாள்.

"அக்கா, நாப்பத்திரண்டுன்னு நம்பி பஸ் விடுவாங்க. மொத நாள் பதினாலு டிக்கெட். மறுநாளும் பதினாலு. ஒரு வாரத்துல நிப்பாட்டிருவாங்க. பொறவு நீங்க நிஜமாவே நாப்பது பேரு நின்னாலும் நம்ப மாட்டாங்க."

வெள்ளத்தாய் கண்ணை இடுக்கி, "லோடு ஆட்டோக்காரன் ஒனக்கு எம்புட்டு குடுத்தான்?" என்றாள்.

"அவர் யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா."

"எங்க, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

ரெனிட்டா அப்படியே சொன்னாள். வெள்ளத்தாய் அரை மனதோடு தலையாட்டினாள். "அது சரி, அந்த ரோட்டுல நாங்க மட்டுந்தான் போறமா? மாந்தோப்புக்குப் போறவ, மட்டை உரிக்கப் போறவ, காலேஜுக்குப் போற பிள்ளைய எல்லாம் ஒன் படிவத்துல உண்டுமா?"

"இல்ல. கொட்டகைப் பேரேட்டுல இருக்கறவங்க மட்டுந்தான்."

"அப்ப அந்தப் படிவத்த மடிச்சுப் பையில வையி. நாளைக்கி ஆறு மணிக்கு வா."

வெள்ளிக்கிழமை ஆறு மணி முதல் ஏழரை வரை இருவரும் விலக்கில் நின்றார்கள். செருப்பை வைத்து எண்ண வழியில்லை. எல்லாரும் போட்டுக்கொண்டு நடந்தார்கள். ஒவ்வொருவரையும் நிறுத்திப் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கினாள். பதினான்கு பேரையும் சேர்த்து முப்பத்தொன்று.

"முனீஸ்வரியச் சேரு. முப்பத்திரெண்டு" என்றாள் வெள்ளத்தாய்.

"அவங்க இன்னைக்கி வரலையேக்கா."

"பஸ்ஸு இருந்தா வருவா. பை பின்னுறது உக்காந்து பாக்குற வேலைதான?"

ரெனிட்டா யோசித்து, அடியில் தனி வரியாக எழுதினாள்: "பேருந்து வந்தால் வரக்கூடியவர், ஒருவர்." வெள்ளத்தாய் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

நிறுவனத்தின் படிவங்களோடு ஒரு தாளை ரெனிட்டா இணைத்தாள். மூன்று கொட்டகைக்கும் சேர்த்து ஆட்கள் பதினான்கு பேர், அவர்கள் எல்லாரும் ஒரே ஆட்கள் என்று அதில் எழுதி ஊர், பெயர், நாள் எல்லாம் போட்டாள். விக்னேஷ்வரன் அந்தத் தாளைக் கழற்றி எறிந்துவிடலாம். வேலை நீட்டிப்பும் அதோடு போய்விடலாம். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் முன்பே, பெயர்ப் பட்டியலோடு பேருந்துப் பணிமனைக்குப் போனாள்.

அங்கே இருந்த அலுவலர் பெயர்களின் மேல் விரல் வைத்து எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"முப்பத்தொண்ணுதான் இருக்கு. பஞ்சாயத்துல நாப்பது பேருன்னு சொன்னாங்களே? எதைம்மா நம்பச் சொல்றீங்க?"

"எதையும் நம்ப வேண்டாம் சார். ஒரு நாள் காலையில வந்து எண்ணிப் பாருங்க."

அவர் நிமிர்ந்து அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"எத்தனை மணிக்கு? எந்த எடத்துல நிக்கணும்?"