கிழட்டு வருஷத்தின் உயில்

பெற்ற மகளுக்கே நான் பயந்து கிடந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கத்திகளையும் தீப்பெட்டியையும் ஒரு பெட்டியில் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டியிருந்தேன். பதினொரு வயது டொமெனிக்கா பக்கத்து வீட்டு நாயைக் கல்லால் அடித்து நொண்டியாக்கியவள், பள்ளிக் கழிப்பறைக்குத் தீ வைத்தவள். அவளுடைய நாலு வயதுத் தம்பி எல்கினை என்னோடு அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டுதான் தூங்குவேன். அவனை என்றைக்கு என்ன செய்துவிடுவாளோ என்பதுதான் என் பயமெல்லாம்.

சுகாதார நிலைய டாக்டரம்மா இதற்கு நடத்தைக் கோளாறு என்று பெயர் சொன்னார். "இது பெரும்பாலும் தனியா வராதும்மா. கவனம் நிக்காது, படிப்பு ஏறாது. சில பிள்ளைங்களுக்கு உள்ளுக்குள்ள பெரிய சோகம் இருக்கும், கோபம் அதை மறைச்சிடும். சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேக்கறதால அந்த நினைப்பு வந்துடாது."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஊரையே அழவைப்பவளுக்குச் சோகமா? நான் கேட்கவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்று. எங்கள் குவாயாகில் நகரம் முழுக்க வாசலுக்கு வாசல் கிழட்டு வருஷம் உட்கார்ந்திருந்தது. பழந்துணிக்குள் மரத்தூள் அடைத்த பொம்மைதான் அது. நள்ளிரவில் கொளுத்துவோம். அதற்கு முன்னால், சாகப்போகிற வருஷம் எழுதிவைத்த உயில் என்று ஒன்றை வாசித்துச் சிரிப்போம். குடிகாரனுக்குக் காலி பாட்டில், வாயாடிக்கு ஒரு பூட்டு என்று தெருவையே நக்கலடிக்கும் உயில்.

இந்த முறை பொம்மையைத் தானே செய்வதாகச் சொன்னாள் டொமெனிக்கா. மத்தியானம் கொடியில் எல்கினின் சட்டையைக் காணவில்லை. கொளுத்தப்போகிற பொம்மைக்கு அதை மாட்டிவிட்டாளோ? வாசலுக்கு ஓடினேன். பொம்மை போட்டிருந்தது அவளுடைய பள்ளிச் சீருடை. எல்கினின் சட்டை கட்டிலுக்கடியில் கிடந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். எவ்வளவு முட்டாள் நான்.

நாலு மணிக்குத் தெரு கூடியது. எதிர்வீட்டு பியெதாத் அக்கா பொம்மையின் நெஞ்சில் குத்தியிருந்த தாளை எடுத்து வாசித்தாள்.

"டீச்சருக்கு என் நாற்காலி. இனிமே அது ஆடாது."

எல்லோரும் சிரித்தார்கள்.

"நொண்டி நாய்க்கு என் சோறு. எல்கினுக்கு என் ஜன்னலோரக் கட்டில். இனிமே கதவைத் திறந்து வச்சே தூங்கலாம். அம்மா கழுத்துச் சாவியைக் கழட்டிடலாம்."

"உன் மவ சரியான வாய்க்காரிடி, யதீரா," என்றாள் அக்கா. நானும் சிரித்தேன்.

"போற வருஷம் கடைசியா என்ன சொல்லுது?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணுமில்லையே. கீழ டொமெனிக்கான்னு கையெழுத்து மட்டும் இருக்கு. மக்குப் பொண்ணு, வருஷத்தோட பேரையில்ல போடணும்."

தெரு மறுபடி சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் அவளைத் தேடினேன். இல்லை.

தெருக்கோடி உப்பங்கழிப் பக்கம் ஓடினேன். பலகைப் பாலத்தின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கீழே நீர் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது. பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். உதறினாள், என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை.

"டொமெனிக்கா, உனக்குச் சாகணும்னு தோணுதா?"

கடித்த பல் தளர்ந்தது. "ரொம்ப நாளா," என்றாள். "நான் இல்லன்னா நீ பயப்பட வேணாம்ல."

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டி வரச் சொன்னார்.

எல்கினைப் பியெதாத் அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். டாக்சியில் என் மடியில் சாய்ந்தபடி சாவியைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் கழட்டலையா? கழுத்து வலிக்கலையாம்மா?"

"வலிக்கட்டும்."

"எல்கினுக்காகவா?"

"இல்லடி. உனக்காக."