கரண்டிச் சத்தம்

"இப்ப இருட்டா?"

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சித்தப்பா கேட்டார். பல்லிடுக்கில் நாலு ஆணிகளைக் கவ்விக்கொண்டிருந்ததால் பேச்சு கொழகொழத்தது.

"இல்ல சித்தப்பா. ஜன்னலுக்கு மேல, வலது மூலையில ஒரு பொட்டு வெளிச்சம்."

"ஒரு பொட்டுதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கயேன்."

"புருஷன்கிட்ட அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். பிலிம்கிட்ட முடியாது."

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்ததும் எல்லாம் கரியாகத்தான் தெரிந்தது. ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்கிய பிறகு பார்த்தால் சுவர் சல்லடையாகிவிட்டது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு கோடு, குழாய் நுழையும் இடத்தில் ஒரு பிறை, பழைய ஆணி ஓட்டையில் ஒரு ஊசிமுனை. வெளியே நண்பகல் வெயில். ஒரு வழி கிடைத்தால் போதும், உள்ளே பாய்ந்துவிடும்.

சித்தப்பா லாரி ஓட்டுகிறவர். காலையிலிருந்து வண்டியை நிறுத்திவிட்டு இந்த வேலையில் இருந்தார். பெட்டி உடைத்த பலகையை ஜன்னலில் அறைந்தார். அதன் மேல் லாரித் தார்ப்பாய், அதற்கும் மேல் கம்பளி. தாழ்ப்பாள் தடுக்கிறது என்று அதையும் கழற்றி எறிந்தார். கதவுக்கு உள்பக்கமும் கம்பளி தொங்கியது. தாழ்ப்பாள் இல்லாததால் வேலை நடக்கும்போது வாசலில் முக்காலி போட்டுக் காவல் இருப்பதும் அவர் பொறுப்பு.

ஆணி ஓட்டைகளில் அவள் சோப்பைக் குழைத்து அடைத்தாள். விரலால் அழுத்தியதும் ஒவ்வொரு புள்ளியாக அணைந்தது.

"அந்தக் குழாய்... சுத்தி... பாத்தியா?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா. மூன்று சொல்லுக்கு மூன்று மூச்சு.

"பாத்துட்டேன்பா."

தெருவில் அவளுக்கு எக்ஸ்ரேக்காரி என்று பெயர். பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரி இருட்டறையில் எக்ஸ்ரே பிலிம் கழுவினாள். கம்ப்யூட்டர் வந்து அந்த அறையைப் பூட்டிய பிறகு அவளைக் கோப்பு அடுக்கப் போட்டார்கள். அப்பாவின் நெஞ்சையும் அவள்தான் கழுவினாள், ஆறு வருடத்தில் ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் வெள்ளைப் பொடி இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால், சொட்டுச் சொட்டாக நீர் வடியும் பிலிமில் அவள் பார்த்துவிடுவாள். பார்த்ததை வீட்டில் சொன்னதில்லை.

அப்பா கல் உடைக்கும் ஆலையில் இருபத்தாறு வருடம் அரவை ஷெட்டில் நின்றவர். கல்தூசியால் வந்த நெஞ்சு நோய்க்கு நஷ்டஈடு கேட்டதும் கம்பெனி, இந்த ஆள் ஷெட்டுக்குள் காலே வைத்ததில்லை, கேட்டில் வாட்ச்மேனாக இருந்தவர் என்று எழுதிக் கொடுத்திருந்தது. நாளைக் காலையில் விசாரணை. அப்பாவோடு ஷெட்டில் நின்றவர்களில் நாலு பேர் இருமியே போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களின் பிள்ளைகள் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள், வாய் திறக்கமாட்டார்கள்.

நேற்று மாலைதான் சோடாபுட்டியின் பெண்சாதி வந்தாள். சோடாபுட்டி அப்பாவின் கூட்டாளி, அந்த நாலு பேரில் கடைசியாகப் போனவர். பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது என்று ஒரு பழைய கேமராவை நீட்டினாள். உள்ளே பிலிம் முழுக்கச் சுற்றி முடிந்து கிடந்தது.

அப்பா கேமராவைத் தடவிப் பார்த்தார். "ஷெட்டுல... எடுத்தான். எல்லாரையும் நிக்க வச்சு."

ஊரில் பிலிம் கழுவுகிறவன் ஒரே ஒருவன்தான் மிச்சம். கம்பெனி விழாக்களுக்குப் படம் எடுப்பவனும் அவனே. அவன் கையில் கொடுப்பதற்குப் பதில் அடுப்பில் போடலாம். வேறு ஊருக்கு அனுப்ப நாள் இல்லை. தொழிற்சங்கத்துக்காரர் இன்று நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், ஐந்துக்குள் படத்தை விசாரணை ஆபீசில் சேர்த்தாக வேண்டும். காலையில் அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடி, பூட்டிய அறையில் கிடந்த இரண்டு ட்ரேயையும் மிச்சமிருந்த மருந்துப் பொடியையும் கேட்டு வாங்கி வந்தாள்.

"நாதியத்த வீட்டுல இருட்டறை ஒண்ணுதான் கொறச்சல்," என்றாள் அம்மா.

வெளிச்சப் புள்ளி ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதியானதும் அவள் வெளியே வந்து அப்பாவின் அறைக்குப் போனாள். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். தலையணை மூன்றை அடுக்கிச் சாய்ந்திருந்தார். சட்டைக்குள் தோள் எலும்பு கோட்ஸ்டாண்டு மாதிரி நின்றது. மணிக்கட்டில் வாட்ச் முழங்கை வரை ஓடிவிடும் அளவுக்கு லொடலொடத்தது. கழற்ற விடமாட்டார்.

"எத்தன... நிமிஷம்?"

"மொத மருந்துல ஆறு. அப்புறம் ரெண்டாவதுல அஞ்சு. நுனிய வெட்டிச் சோதிச்சுப் பாத்தேன், ஆறுல சரியா வருது. ஆனா உள்ள மணி பாக்க முடியாதுப்பா. எக்ஸ்ரேக்குன்னா சிவப்பு லைட்டு போட்டுக்கலாம். இதுக்கு அதுவும் கூடாது. மனசுக்குள்ளயே எண்ணிக்கிறேன்."

"எண்ணாத. தப்பும்." அவர் ஜன்னல் ஓரத்திலிருந்த மருந்துக் கரண்டியை எடுத்துச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினார். டொக். "நொடி முள்ளு... ஒரு சுத்து. ஒரு தட்டு."

"உங்களுக்கு மூச்சு வாங்கும்."

"கரண்டிக்கு... என்ன மூச்சு."

வாசலிலிருந்து சித்தப்பா சிரித்தார். "பாத்தியா, வாட்ச்மேன் வேலைய இன்னிக்குத்தான் ஒழுங்கா பாக்கறாரு."

அப்பாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாகியது. அம்மா அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"உள்ள போகாதடி. இன்னிக்கு மூச்சு வேற மாதிரி இருக்கு. காலையிலேருந்து பாக்கறேன். பக்கத்துல உக்காரு."

"பதினஞ்சு நிமிஷம்தாம்மா."

"அந்த மருந்து நாத்தம் வேற. அவருக்கு ஆகாது."

"கதவு இடுக்குல ஈரத்துணி வச்சுக்கறேன். வராது."

"ஃபோட்டோ வந்தா நெஞ்சு சுத்தமாயிருமா?"

அப்பா மகளைப் பார்த்துத் தாடையை மட்டும் அசைத்தார். போ. பிறகு ஒரே மூச்சில், அன்றைக்கு அவர் பேசியதிலேயே நீளமாக, "உள்ள போனா வேலை முடியாம கதவத் தொறக்காத," என்றார்.

அம்மா அவர் காலடியில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

ஐஸ் போட்டுக் குளிர வைத்த முதல் மருந்து, டெவலப்பர், இடது பக்கம். நடுவில் வாளித் தண்ணீர். வலது பக்கம், படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர். மூன்றையும் கையால் தொட்டு இடம் பழகிக்கொண்டாள். கம்பளியை இழுத்துவிட்டு ஈரத்துணியை வாசல் இடுக்கில் திணித்தாள். விளக்கை அணைத்தாள். ஒரு நூறு எண்ணினாள். புள்ளி எதுவும் இல்லை.

பிலிம் சுருளை உடைத்து வெளியே இழுத்தாள். ஐந்தடி நீளம். வருடக்கணக்கில் சுருண்டு கிடந்ததால் பாம்பு மாதிரி கையைச் சுற்றியது. இரண்டு நுனியையும் கைக்கொன்றாகப் பிடித்துத் தொங்கவிட்டாள். எக்ஸ்ரே என்றால் சட்டத்தில் மாட்டி முக்கிவிட்டுச் சும்மா நிற்கலாம். இது அப்படியில்லை. வளைவு மருந்தில் நனையும்படி ஒரு கையைத் தூக்கி ஒரு கையை இறக்கி, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் திட்டுத் திட்டாகப் போகும்.

"வைக்கிறேன்பா!"

டொக்.

அது தொடக்கம். இடது கை மேலே, வலது கை கீழே. மருந்து பிலிமில் சளக் சளக்கென்று வழிந்தது. நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைக்கக் கை இல்லை.

டொக். ஒன்று.

உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். ஈரம் ஏறி எல்லாம் போயிருக்கலாம். சோடாபுட்டி மூடியைக் கழற்றாமலே எடுத்திருக்கலாம். அந்த மனுஷன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர்.

டொக். இரண்டு.

ஷெட்டில் விளக்கு கிடையாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். தகரக் கூரை ஓட்டை வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்குமாம். தூசி இருப்பதால்தான் கம்பி கண்ணுக்குத் தெரியும். அது எந்த மிஷின் மேல் விழுகிறது என்று பார்த்துத்தான் மணி சொல்வார்களாம்.

டொக். மூன்று.

தோள் கடுக்கத் தொடங்கியது. அந்தப் பக்கம் இருமல் கேட்டது. நின்றது.

டொக். நாலு. இது கொஞ்சம் மெல்ல.

இடது கை மேலே. வலது கை கீழே. அடுத்தது ஐந்து. அவள் காதைச் சுவர்ப் பக்கம் சாய்த்தாள். குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. நேரமாகிவிட்டது போலிருந்தது. இருட்டில் எல்லாம் நேரமானது போலத்தான் இருக்கும். கண் அசந்துவிட்டாரோ.

"அப்பா."

கட்டில் கிறீச்சிட்டது. கரண்டி தரையில் விழுந்து உருண்டது. அது நிற்கும்வரை கேட்டது.

"என்னங்க," என்றது அம்மாவின் குரல். பிறகு இன்னொரு தடவை, "என்னங்க."

முக்காலி சாய்ந்தது. சித்தப்பாவின் காலடி அந்த அறைக்குள் ஓடியது. ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்து கதவின் மேல் கை வைத்தார். பலகை அதிர்ந்தது.

"அம்மாடி, வெளிய வா. அண்ணன்..."

"கதவத் தொடாதீங்க தம்பி."

அம்மா கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணி, உங்களுக்கென்ன பைத்தியமா? பெத்த பொண்ணு அண்ணி."

"தொடாதீங்கன்னேன். கைய எடுங்க."

கதவிலிருந்து கை விலகியது. அவள் பிலிமைப் பிடித்தபடி நின்றாள். கை ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்து என்று சொன்னாலும் நின்றிருக்காது போல, மேலே, கீழே, மேலே. எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை. நாலரையா, ஐந்தரையா. எண்ணவில்லை. அப்பா எண்ணாதே என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குனிந்து எதையோ எடுக்கும் சத்தம்.

டொக். டொக்.

இரண்டு, அடுத்தடுத்து. விட்டுப்போனதும் சேர்த்து. ஐந்து, ஆறு.

அவள் பிலிமை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து வலது பக்கம் திரும்பினாள். இருட்டில் விரலால் ட்ரே விளிம்பைத் தேடி ஃபிக்ஸரில் இறக்கினாள். மறுபடி ஆட்டம்.

இந்தக் கைக்குப் பழக்கமில்லை. அப்பா விளிம்பால் தட்டுவார், சுருக்கென்று கேட்கும். இது குழிப் பக்கத்தால், சுவருக்கு வலிக்குமோ என்பது போலத் தட்டியது. ஆனால் தவறவில்லை. ஒன்று. நடுவில் சித்தப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இரண்டு. யாரும் அழவில்லை. இந்த நேரத்தில் யாராவது அழுதிருந்தால் அவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கதவைத் திறந்திருப்பாள். மூன்று. மருந்தின் புளித்த நெடி தொண்டையில் ஏறியது. துணி இடுக்கை நன்றாக அடைத்திருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்தாள். நாலு. வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரித்தது.

ஐந்து.

அவள் விளக்கைப் போடவில்லை. பிலிமைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கம்பளியை விலக்கி, கதவைத் திறந்தாள். வெளிச்சம் முகத்தில் அறைந்தது.

அப்பாவின் தலை சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மா கட்டிலில் அவரோடு ஒட்டி உட்கார்ந்து, அவர் இடது கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். வாட்ச் முகம் மேலே தெரியும்படி மணிக்கட்டைத் திருப்பிப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் கரண்டி.

"அஞ்சாவதுக்குக் கையத் தூக்கினாரு," என்றாள். "தூக்கினதோட சரி."

அவள் அப்பாவின் நெற்றியைத் தொட்டாள். தன் கையிலிருந்து மருந்து வடிந்து அவர் புருவத்தில் விழுவதைப் பார்த்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"வந்துச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"பாக்கலம்மா."

"போய்ப் பாரு."

சித்தப்பா ஜன்னல் பலகையைக் கடப்பாரையால் பெயர்த்தார். காலையிலிருந்து அடித்த ஆணிகள் ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டு வந்தன. வெயில் குளியலறைக்குள் விழுந்தது. அவள் பிலிமைக் குழாயடியில் அலசி, தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.

ஓரம் இரண்டிலும் ஈரத்தின் திட்டு. முதல் சில படங்கள் ஒன்றுமில்லை. பிறகு தகரக் கூரை, மிஷின், கம்பெனிப் பெயர் எழுதிய பலகை, அதன் கீழே ஒன்பது பேர். நெகட்டிவ் என்பதால், வெள்ளையாகக் கூரையிலிருந்து இறங்க வேண்டிய வெயில் கறுப்புக் கம்பியாக இறங்கியது. தினமும் சாயங்காலம் தலைமுதல் கால்வரை வெள்ளையாக வீட்டுக்கு வந்த மனிதர், குளித்துவிட்டு வந்தவர் மாதிரி, மூன்றாவது ஆளாகக் கறுப்பாக நின்றார்.

"இப்பச் சொல்லட்டும் வாட்ச்மேன்னு," என்ற சித்தப்பா கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது சரிந்தது. மறுபடி வைத்தார்.

அம்மா வந்து நின்றாள். பிலிமைத் தொடாமல், கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"சட்டையில ரெண்டாவது பொத்தான் இல்ல," என்றாள்.

கொடியில் பிலிமின் மேல் நுனியைக் கிளிப்பால் மாட்டினாள் மகள். கையை எடுத்ததும் கீழ் நுனி சுருண்டு மேலே ஏறியது. பாரம் ஏதாவது கட்டாவிட்டால் அப்படியே காய்ந்துவிடும். நாலு மணிக்குச் சங்கத்துக்காரர் வந்துவிடுவார். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

அம்மா கையிலிருந்த கரண்டியை நீட்டினாள்.

மகள் அதை வாங்கிக் கீழ் நுனியோடு சேர்த்துக் கிளிப் போட்டாள். பிலிம் நேரானது. கரண்டி இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது.